சின்னத்திரையிற் பிள்ளைப் பாட்டு

கல்வி ஏட்டிலே தொடங்குகின்றது என்பது பொதுவழக்கு. விசயதசமி நாளிலே தட்டிற் பரப்பிய அரிசியின்மேற் குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்தலை யாழ்ப்பாணத்தார் ஏடு தொடக்குதல் என்பர். ஆயினும், கல்வி உண்மையில் அந்நாளுக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. தாலாட்டிலே கண்வளர்ந்து, சாய்ந்தாடியும் கைவீசியும் விளையாடும் பருவத்திலேயே பிள்ளை தன் தாய்மொழியின் ஒலிகளைப் பாட்டின் வாயிலாகக் கேட்டுவிடுகின்றது. எழுத்தைக் கண் காண்பதற்கு முன் அதன் ஒலியைச் செவி அறிகின்றது. செவி அறிந்ததையே பின்னர் கை எழுதுகின்றது. ஆதலாற் பிள்ளைக்கு முதலிற் கேட்பிக்கப்படும் பாட்டு யாது என்பது, பொழுதுபோக்குப் பற்றிய வினா அன்று. கல்வியின் அடிப்படை பற்றிய வினாவாகும்.

இப்பாட்டைக் கேட்பிக்கும் பணியை இன்று பெரும்பாலும் சின்னத்திரை மேற்கொண்டுள்ளது. இலங்கையிலே சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டிலும், ரூபவாகினி 1982 ஆம் ஆண்டிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. அவற்றுக்கு முன்னர் இலங்கை வானொலியின் ‘சிறுவர் மலர்’ பிள்ளைகளின் குரலையே பிள்ளைகளுக்குக் கேட்பித்து வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ 1990 முதற் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாதொழிந்தது. துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்துப் பிள்ளைகளுட் பலர் திரையை அறியார், பாட்டை அறிவர். பள்ளி முற்றத்திலும் வீட்டுத் திண்ணையிலும் வாய்வழி வந்த பாட்டுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. பின்னர் மின்சாரம் மீண்டது, தொலைக்காட்சியும் வந்தது. 2020 ஆம் ஆண்டிற் கொவிட் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்பின் பொருட்டுக் கைத்தொலைபேசி பிள்ளைகளின் கைக்கே வந்து சேர்ந்தது. வகுப்பு முடிந்த பின்னும் அது கையை விட்டு நீங்கவில்லை.

இப்பொழுது குடாநாட்டுச் சிறுவர் திரையிற் கேட்கும் பாட்டுகளுட் பல வெளியிலிருந்து வருவன. சென்னையில் 2013 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘சூச்சூ ரீவி’ இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. வழக்கிலுள்ள ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகளைப் புதிய இசையோடும் நிறைந்த வண்ணத்தோடும் அசையும் படங்களாக்கி இணையத்தில் வெளியிட்ட அந்நிறுவனம், தமிழ் முதலிய மொழிகளிலும் பாட்டுகளை வெளியிட்டு வருகின்றது. தமிழகத்து நகரொன்றிலிருந்து புறப்பட்ட பாட்டு உலகத்துப் பிள்ளைகளை ஆடவும் பாடவும் வைத்தமை பெருமைக்குரியதே. அதனை ஒத்தனவும் அதனோடு போட்டியிடுவனவும் வேறு பல உள. ஈண்டு ஆராயப்படுவது ஒரு நிறுவனத்தின் குறைநிறை அன்று. இசையோடு கூடிய கல்வித்தொடர் என்னும் இப்புதிய வகை, தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழைக் கற்பிக்குமாறு அமைந்துள்ளதா என்பதே ஆராய்ச்சிப் பொருளாகும்.

இவ்வகையின் முதல்நூல் என்று சொல்லத்தக்கது அமெரிக்காவில் 1969 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10 ஆந் திகதி தொடங்கிய ‘செசமி ஸ்ரீற்’ என்னுந் தொடர். ஜோன் கான்ஸ் கூனி என்னும் அம்மையாரும் லொயிட் மொரிசெற் என்பவரும் அதற்கு வித்திட்டனர். பள்ளிக்குச் செல்லுமுன்பே வறிய வீட்டுப் பிள்ளைகள் கல்வியிற் பின்தங்கிவிடுதலைக் கண்ட அவர்கள், அக்குறையைத் தொலைக்காட்சியால் நிரப்ப முடியுமோ என எண்ணினர். எழுத்தறியாத பிள்ளைகளும் வணிக விளம்பரப் பாட்டுகளைப் பிழையறப் பாடுகின்றனர். சவர்க்காரத்தை விற்கும் இசைக்கு எழுத்தைக் கற்பிக்கும் ஆற்றல் இல்லாது போகுமா என்பதே அவர்களது சிந்தனை. ஜிம் ஹென்சன் அமைத்த பாவைகளும், ஜோ ரப்போசோ முதலியோர் அமைத்த இசையும் அச்சிந்தனைக்கு உருக்கொடுத்தன.

அத்தொடரின் சிறப்பு அதன் இசையில் மட்டும் இல்லை. கல்வியாளரும் உளநூலாரும் கலைஞரும் ஒரே மேசையிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் நோக்கம் வகுத்தனர். எட்வேட் பாமர் என்னும் ஆராய்ச்சியாளர், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே வேறொரு திரையில் மாறிமாறிப் படங்களைக் காட்டி, பிள்ளையின் கண் எந்த இடத்திலே தொடரை விட்டு விலகுகின்றது எனக் குறித்துக்கொண்டார். விலகிய இடம் திருத்தப்பட்டது. பெற்றோரும் உடனிருந்து பார்த்தல் வேண்டும் என்று கருதி, அவர்கள் சிரித்தற்குரிய நகைச்சுவையும் சேர்க்கப்பட்டது. பின்னர் அத்தொடர் பிற நாடுகளுக்குச் சென்றபோது பெரும்பாலும் அவ்வந்நாட்டாரைக் கொண்டு புதிதாக ஆக்கப்பட்டது. வங்காளதேசத்தில் 2005 ஆம் ஆண்டு ‘சிசிம்பூர்’ என்ற பெயரிலும், இந்தியாவில் 2006 ஆம் ஆண்டு ‘கலி கலி சிம் சிம்’ என்ற பெயரில் இந்தியிலும் அது உருவெடுத்தது. அமெரிக்கத் தெரு வங்காளத்திலே ஆலமரத்தடியாயிற்று. முறையைக் கொண்டுசெல்லலாம், பாட்டை அப்படியே கொண்டுசெல்லலாகாது என்பதை அத்தொடரை ஆக்கியவர்களே உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

தமிழுக்கு வந்து சேர்ந்தவற்றை நோக்கின், முறை வராது மெட்டே வந்துள்ளமை புலனாகும். மேனாட்டு மெட்டை மாற்றாது வைத்துக்கொண்டு, அதன்மேல் தமிழ்ச் சொற்களை ஏற்றிய பாட்டுகள் திரையிற் பல. இதனால் விளையும் கேட்டை எழுத்திலக்கணத்தின் துணைகொண்டு எளிதிற் காணலாம்.

ஆங்கிலப் பாட்டின் ஓசை அழுத்தத்தைப் பற்றி நடப்பது. ஓரசையை அழுத்தியும் மற்றோரசையைத் தளர்த்தியும் செல்லும்போது, உயிரின் அளவு சிறிது நீளினும் குறுகினும் பொருள் பெரும்பாலும் கெடுவதில்லை. தமிழோசை அத்தகையதன்று, அது மாத்திரையைப் பற்றி நடப்பது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை. கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதும் அதன் அளவு எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். இவ்வளவு பிறழின் சொல்லே பிறழும். கல் நீண்டாற் கால். பல் நீண்டாற் பால். மலை நீண்டால் மாலை. படம் நீண்டாற் பாடம். விடு நீண்டால் வீடு. எடு நீண்டால் ஏடு. முதல் வகுப்பிலே சொல்வதெழுதும்போது பிள்ளைகள் விடும் பிழைகளுட் பல இக்குறில் நெடில் மயக்கத்தாலேயே நேர்வன என்பதை ஆசிரியர் அறிவர்.

இதற்குத் தெளிவான சான்று எழுத்துப் பாட்டே. ஆங்கில நெடுங்கணக்கைப் பாடும் மெட்டுப் பழைய பிரெஞ்சுப் பாட்டொன்றின் மெட்டு. அதில் எழுத்துகளைப் பொருத்தி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1835 ஆம் ஆண்டிலே பதிப்புரிமை பெற்றனர். அம்மெட்டின் முதலடியிற் சம அளவுள்ள ஆறு சுரங்களும், அவற்றின் இருமடங்கு நீண்ட ஏழாஞ் சுரமும் உள்ளன. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். அம்மொழியின் எழுத்துப் பெயர்களுக்குக் குறில் நெடிற் கணக்கு இல்லை. அம்மெட்டில் சுரத்துக்கோர் எழுத்தாகத் தமிழ் உயிர்களை வைத்துப் பாடினால் யாது நிகழும்? அகரமும் ஆகாரமும், இகரமும் ஈகாரமும், உகரமும் ஊகாரமும் ஓரளவினவாக ஒலிக்கும். ஏழாவது எழுத்தாகிய எகரக் குறில் நீண்ட சுரத்தில் விழுந்து ஏகாரமாகும். எட்டாவதாகிய ஏகார நெடிலோ அடுத்த அடியின் குறுஞ்சுரத்தில் விழுந்து எகரமாகும். எகர ஏகார வேற்றுமையை எழுத்திலே தெளிவாகக் காட்டற்கு வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே முயன்றார். அவர் கோட்டைச் சுழித்துக் காட்டிய வேற்றுமையை ஒரு மெட்டு அழித்துவிடுகின்றது. நெடுங்கணக்கைக் கற்பிக்க வந்த பாட்டே நெடுங்கணக்கின் அமைதியைக் குலைக்குமாயின், அதனைக் கல்விப் பாட்டு எனல் எங்ஙனம் பொருந்தும்?

ஈண்டு ஒரு தடை எழலாம். இசையோடு பொருந்தும்போது உயிர் தன் அளபிறந்து ஒலித்தலும் ஒற்று நீளுதலும் உண்டெனத் தொல்காப்பியர் தாமே நூன்மரபின் இறுதியிற் கூறினாரன்றோ? தேவாரத்தை ஓதுவோரும் கீர்த்தனம் பாடுவோரும் எழுத்தை நீட்டுகின்றனரன்றோ? என்று வினவுவார்க்கு விடை எளிது. ஆசிரியர் அதனை யாழ்நூலின் வழக்கு என வேறு பிரித்தே கூறினார். மொழியை முன்னரே அறிந்தவர் இசையின் பொருட்டு நீட்டுவது வேறு. மொழியை இனித்தான் அறியப்போகும் பிள்ளைக்கு நீட்டிக் காட்டுவது வேறு. அளவை அறிந்தவனுக்கே அளபிறத்தல் அழகு தரும். அளவறியாதவனுக்கு அதுவே அளவாகிவிடும்.

மொழிபெயர்ப்புப் பாட்டுகளிற் காணப்படும் மற்றொரு குறை சொல் நெருக்கம். ஆங்கிலத்தில் ஓரசையாய் நிற்கும் வண்டியின் பெயர் தமிழிற் பேருந்து என நீளும். ஓரசைக்குரிய இடத்திலே மூன்றசை புகுத்தப்படின் பாடுவோர் சொல்லை விழுங்குதலன்றி வேறு வழியில்லை. விழுங்கிய சொல்லைக் கேட்ட பிள்ளை விழுங்கியவாறே பாடும். எதுகையும் மோனையும் இயல்பாக அமையாமையால், சொல்லுக்குச் சொல் பிடிப்பில்லாது போகின்றது. நினைவில் நிற்பது மெட்டு மட்டுமே.

இனி, இவற்றை எதனோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது என்னும் வினா எழும். அதற்குக் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை. பாரதியாரின் பாப்பாப் பாட்டும், கவிமணியின் பாட்டுகளும், அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளும் தமிழகத்திற் பிள்ளை இலக்கியத்தை வளர்த்தவாறு போல, யாழ்ப்பாணத்திலும் ஒரு முயற்சி நடந்தது. கல்வித்துறையில் அதிகாரியாயிருந்த க. ச. அருள்நந்தி அவர்களின் ஊக்கத்தினாற் பாட்டுகள் ஆக்கப்பெற்று, 1935 ஆம் ஆண்டிற் ‘பிள்ளைப் பாட்டு’ என்னுந் தொகுதி வெளிவந்தது. இத்துறையிற் புகழ் நிறுவியவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியிலே நெடுங்காலம் ஆசிரியராயிருந்த அவர், பிள்ளைகளாலே தங்கத் தாத்தா எனப்பட்டார். அவருடைய பிள்ளைப் பாட்டுகள் ‘சிறுவர் செந்தமிழ்’ என்னும் பெயரில் 1955 ஆம் ஆண்டு நூலாயின.

அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டை ஒரு கல்விப் பாட்டாக வைத்து நோக்குக. நாளை விடுமுறை என்னும் மகிழ்ச்சியிலே தொடங்கும் அப்பாட்டு, அடுக்களையின் வேலை நடக்கும் முறைப்படியே நடக்கின்றது. பயற்றை வறுத்தல், அரிசியை இடித்துத் தெள்ளுதல், தேங்காய் துருவுதல், மாவைக் கிள்ளித் தட்டுதல், கொழுக்கட்டை அவித்தல், பனங்கட்டி இட்டுக் கூழைத் துழாவுதல், பலாவிலையைக் கோலிக் கூழை ஏந்துதல் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்கள் வருகின்றன. ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய சொல் உரிய இடத்தில் நிற்கின்றது. வறுத்தல் வேறு, அவித்தல் வேறு. இடித்தல் வேறு, துருவுதல் வேறு. பிள்ளை இவ்வேற்றுமைகளை விளக்கமின்றியே அறிந்துகொள்கின்றது.

திரைப்பாட்டுகளோடு இதனை ஒப்பிடின் ஒரு வேறுபாடு தோன்றும். திரைப்பாட்டுப் பெரும்பாலும் பெயர்ச்சொல்லைக் கற்பிக்கின்றது. நிறத்தின் பெயர், கனியின் பெயர், விலங்கின் பெயர், எண்ணின் பெயர் என ஒவ்வொன்றாய்ப் படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லும். படம் காட்டுதற்கு எளியது பெயர். ஆதலின் அது பெயரையே நாடுகின்றது. புலவர் பாட்டோ வினைச்சொல்லைக் கற்பிக்கின்றது. வினையின்றி வாக்கியம் முடியாது. நூறு பெயர் அறிந்த பிள்ளை சுட்டிக்காட்டும். பத்து வினை அறிந்த பிள்ளையே பேசும்.

‘கத்தரித் தோட்டத்து வெருளி’ மற்றொரு சிறப்பைக் காட்டுகின்றது. தோட்டத்தின் நடுவிலே சம்பளம் கேளாமலும் இமை கொட்டாமலும் காவல் நிற்கும் ஒருவனாக வெருளியை விளித்துப் புகழ்கின்றது பாட்டு. புகழப்படுவது உயிரற்ற உருவம் என்பதைப் பிள்ளை கண்டுகொண்டு சிரிக்கின்றது. நகை பாட்டிலே சொல்லப்படவில்லை. பிள்ளையின் உள்ளத்திலே பிறக்கின்றது. அடிகளின் பிற்பகுதி திரும்ப வருதலால், ஒருவர் பாட மற்றோர் ஏற்றுப் பாட வாய்ப்புண்டு. இதுவே பிள்ளைப் பாட்டின் உயிர்நிலை. பிள்ளை புகுவதற்கு ஓர் இடம் விட்டிருத்தல் வேண்டும். இடைவிடாது வண்ணமும் ஒலியும் பொழியும் திரைப்பாட்டில் அவ்விடம் அடைக்கப்பட்டுவிடுகின்றது. பிள்ளை பாட்டைக் கேட்கின்றது. பாட்டு பிள்ளையைக் கேட்பதில்லை.

வெருளி என்னும் சொல்லும் கருதத்தக்கது. வெருளுதல் என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் யாழ்ப்பாணத்தின் நாள்வழக்கு. தமிழகத்தில் இவ்வுருவத்தைச் சோளக்கொல்லைப் பொம்மை என்பர். இவ்வாறே கச்சான், பப்பாசி, கதிரை, தேசிக்காய், அம்மம்மா, அப்பம்மா என்பன இம்மண்ணின் சொற்கள். நிலக்கடலை, பப்பாளி, நாற்காலி, எலுமிச்சை, பாட்டி என்பனவும் நல்ல தமிழ்ச் சொற்களே. பிள்ளை அவற்றையும் அறிதல் நன்று. ஆயின், திரையிலே கேட்கும் சொல்லே சரியான சொல், வீட்டிலே அம்மம்மா சொல்லும் சொல் பிழையான சொல் என்னும் எண்ணம் பிள்ளைக்கு உண்டாதல் நன்றன்று. வீட்டுச் சொல்லை நாணும் பிள்ளை நாளடைவில் வீட்டிற் பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

ஒருபக்கம் மட்டும் கூறுதல் திறனாய்வு ஆகாது. புலவர் காலத்துப் பிள்ளைப் பாட்டுகளுள்ளும் அறிவுரை மிகுந்து சுவை குன்றியவை உள. உரலும் உலக்கையும் காணாத இன்றைய பிள்ளைக்கு ஆடிப்பிறப்புப் பாட்டின் சொற்கள் சில வெற்றொலியாகவே நிற்கும். பலாவிலையைக் கோலுவது எவ்வாறு என்பதை ஆசிரியர் வாயாற் சொல்லி விளக்குவதிலும், ஒரு கணம் படத்திற் காட்டுவது எளிது. ஈண்டே திரையின் உண்மையான பயன் விளங்கும். மறைந்துபோன பொருளைக் கண்முன் கொண்டுவந்து, மறையாதிருக்கும் சொல்லோடு சேர்த்துவைக்கும் ஆற்றல் அதற்குண்டு. மேலும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம்மவர் பிள்ளைகளுட் சிலருக்கு வீட்டாரின் குரலை விட்டால் திரையிற் கேட்கும் பாட்டே எஞ்சிய தமிழ். அதனை வேண்டாமென்று தள்ளுதல் பொருந்தாது. திருத்தமாக அமைத்துக் கொடுத்தலே கடன்.

அவ்வாறு அமைத்தற்கு முன்மாதிரி யாழ்ப்பாணத்திலேயே உண்டு. 1978 ஆம் ஆண்டிலே தோன்றிய நாடக அரங்கக் கல்லூரியின் முன்னோடியாகிய குழந்தை ம. சண்முகலிங்கம், ‘கூடி விளையாடு பாப்பா’ முதலிய சிறுவர் நாடகங்களை எழுதினார். பாட்டும் ஆட்டமும் விளையாட்டும் ஒன்றாய்க் கலந்த அவ்வரங்கு, பிள்ளைகளைப் பார்வையாளராக மட்டும் வையாது பங்காளராக்கியது. திரைக்கென ஆக்குவோர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

மேற்கூறியவற்றால் மூன்று விதிகள் பெறப்படும். சொல் முன்னும், இசை அதன் பின்னும், படம் அவ்விரண்டின் பின்னும் வருதல் வேண்டும். மாத்திரை கெடாத மெட்டே பிள்ளைக்குரிய மெட்டு. தாலாட்டும் கும்மியும் சிந்தும் ஊஞ்சற் பாட்டும் இத்தகைய மெட்டுகளை வேண்டியமட்டும் வைத்திருக்கின்றன. இரண்டாவது, பிள்ளையின் வீட்டுச் சொல் திரையிலும் மதிப்போடு ஒலித்தல் வேண்டும். மூன்றாவது, பிள்ளை மறுமொழி பாடுதற்கு இடைவெளி விடுதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இசை கற்பிப்போரும், தொடக்க வகுப்பு ஆசிரியரும், படம் வரைய வல்ல மாணவரும் ஓரிடத்திற் கூடினால், சோமசுந்தரப் புலவரின் பாட்டுகளையே முதற்றொடராக ஆக்கலாம். அமெரிக்கத் தொடர் கற்பித்த முறையும் இதுவே: அறிந்தவர் பலர் ஒரே மேசையில் இருத்தல்.

அதுவரையும், வரும் பாட்டுகளுள் நல்லதைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரியது. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. திரையை அணைத்துவிட்டுப் பிள்ளையைப் பாடச்சொல்லுதல் வேண்டும். மெட்டு மட்டும் முணுமுணுப்பாய் வருமாயின், அப்பாட்டு விளம்பரத்தின் வேலையைச் செய்தது. சொல் தன் அளவோடும் பொருளோடும் வருமாயின், அது ஆசிரியனின் வேலையைச் செய்தது.